களம் இல்லாதவருக்குப் பொலி ஏது? வட்டார மொழி ஆய்வும் எமது சாட்சியங்களும்

சில மாதங்களுக்கு முன்னர் வடக்கில் நடைபெற்ற பல்கலைக்கழக ஆய்வரங்கொன்றுக்குச் சென்றிருந்தேன். வட்டார மொழியும் இலக்கியமும் என்பதே அன்றைய பொருள். காலை அமர்வில் இளம் ஆய்வாளர் ஒருவர் வன்னியின் வேளாண்மைச் சொற்கள் பற்றிக் கட்டுரை வாசித்தார். திரையில் இரண்டு நிரல்கள் இருந்தன. ஒரு பக்கம் வட்டாரச் சொல். மறுபக்கம் அதற்கு நிகரான பொதுத்தமிழ்ச் சொல். அவற்றில் ஒரு வரி இப்படி இருந்தது: பொலி – நெல்.

கேள்வி நேரம் வந்தபோது பின்வரிசையிலிருந்து எழுபது வயது கடந்த ஒருவர் எழுந்தார். யாரோ உறவினரான மாணவரோடு வந்திருந்தவர்.

"பிள்ளை, ஒரு சின்னத் திருத்தம். பொலி எண்டால் நெல்லு இல்லை. சூடடிச்சுக் களத்தில குவிஞ்சு கிடக்கும் மட்டும்தான் அது பொலி. மூட்டை கட்டி வீட்டை கொண்டு வந்திட்டால் நெல்லு. களத்துக்குள்ள நிண்டுகொண்டு நாங்கள் நெல்லு எண்டு சொல்லமாட்டம்."

ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். அமர்வுக்குத் தலைமை வகித்தவர், "உங்கட ஊரில இப்பவும் அப்பிடித்தான் சொல்லுறவையோ ஐயா?" என்று கேட்டார்.

"எங்கட வயல் மணலாற்றுப் பக்கம். எண்பத்துநாலில வெளிக்கிட்டனாங்கள். களம் இருந்தால்தானே பொலி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

நிகழ்ச்சிநிரலில் அடுத்த கட்டுரை இருந்தது. அமர்வு தொடர்ந்தது. ஆனால் அன்று பேசப்பட்ட எல்லாக் கட்டுரைகளையும் இணைக்கும் கேள்வி அவருடைய பதிலுக்குள்தான் இருந்ததாக எனக்குப் பட்டது. ஒரு சொல் மறைவதற்கு முதுமையும் புதிய வழக்கங்களும் மட்டும் காரணமல்ல. அந்தச் சொல்லைச் சொல்வதற்கு நிற்கவேண்டிய இடம் பறிபோனாலும் சொல் மறைகிறது. அப்படியானால் வட்டார மொழியைப் பற்றிப் பேசுவது நிலத்தைப் பற்றியும் பேசுவதுதான். இந்தப் பேச்சு எமது புலமை உலகில் எங்கே தொடங்கியது, போரால் பாதிக்கப்பட்ட எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதை விளக்கிப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

வட்டார மொழி என்பது பிழையான தமிழா?

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மறைமுகமாகக் கற்பிக்கப்பட்டது, எழுதுவது சரியான தமிழ், பேசுவது அதன் சிதைந்த வடிவம் என்பதுதான். மொழியியல் இதை ஏற்றுக்கொள்வதில்லை. ஒவ்வொரு பேச்சு வழக்குக்கும் தனக்கென்று ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது. சில இடங்களில் பேச்சு வழக்கு எழுத்துத் தமிழைவிடப் பழைய கூறுகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் "உவன்", "உது", "உங்கை" என்ற சொற்கள் சாதாரணமாகப் புழங்குகின்றன. அருகில் இருப்பதற்கு இ, தொலைவில் இருப்பதற்கு அ, இடைப்பட்டதற்கும் கேட்பவர் பக்கம் இருப்பதற்கும் உ. தொல்காப்பியம் சொல்லும் மூன்று சுட்டுகள் இவை. தமிழகத்தின் அன்றாடப் பேச்சில் நடுவில் உள்ள உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. எங்கள் வீட்டு முற்றங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. "உதை எடுத்துக்கொண்டு வா" என்று பேரப்பிள்ளைக்குச் சொல்லும் ஆச்சிக்குத் தான் ஈராயிரம் ஆண்டுப் பழைமையைக் கையாள்கிறேன் என்று தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

மட்டக்களப்பில் "மறுகா" என்றால் பின்னர். "கிறுகி" என்றால் திரும்பி. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில், தமிழின் பேச்சு வழக்குகளுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்று மதிப்பிட்டார். மிகப் பழைய கூறுகள் பலவற்றை அது பேணி வைத்திருப்பதாகவும் குறிப்பிட்டார்.

இந்த வழக்குகளை ஆய்வுக்கு உரியவையாக எடுத்துக்கொண்டவர்கள் எமக்குள் இருந்தார்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த க. கணபதிப்பிள்ளை, 1940இல் வெளிவந்த 'நானாடகம்' தொகுப்பில் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியிலேயே நாடகங்களை எழுதினார். பேராசிரியர் சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பையும் இலக்கணத்தையும் மொழியியல் முறைப்படி விவரித்தார். வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' கிழக்கின் சொற்களையும் வழக்கங்களையும் ஒன்றுசேர்த்துத் தந்தது. வன்னியின் நாட்டார் பாடல்களையும் வழக்குகளையும் மெற்றாஸ்மயில் தேடித் தொகுத்தார். இன்று நாங்கள் இழந்துபோன பல சொற்களை அறிய இத்தகையவர்களின் உழைப்பே மிஞ்சியிருக்கிறது.

யாருடைய பேச்சு இலக்கியத்துக்குள் வரலாம்?

ஆய்வாளர்கள் பேச்சுமொழியை ஏற்றுக்கொண்டது ஒரு பக்கம். அதை இலக்கியத்துக்குள் விடுவதா என்ற கேள்வி வந்தபோதுதான் சண்டை மூண்டது.

1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இலங்கைத் தமிழ் எழுத்து இந்த மண்ணின் வாழ்க்கையைப் பற்றிப் பேசவேண்டும், இந்த மண்ணின் மொழியில் பேசவேண்டும் என்ற குரல் அந்த ஆண்டுகளில் வலுத்தது. 'தேசிய இலக்கியம்', 'மண்வாசனை' என்ற சொற்கள் அப்போதுதான் எமது விமர்சன உலகில் வேரூன்றின. க. கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்த காலம் இந்த எழுத்துக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது.

எழுத வந்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். டொமினிக் ஜீவா சலூன் தொழில் செய்துகொண்டே கதை எழுதினார். அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. கே. டானியல் பின்னாளில் 'பஞ்சமர்' நாவலை எழுதினார். அவர்களின் கதைகளில் வந்தவர்கள் தங்கள் வீட்டில் பேசுவதுபோலவே பேசினார்கள்.

பண்டிதர்கள் சிலருக்கு அது பொறுக்கவில்லை. இந்த எழுத்தை 'இழிசனர் இலக்கியம்' என்றார்கள். இழிசனர் வழக்கு என்பது பழைய இலக்கணச் சொல். ஆனால் 1960களின் யாழ்ப்பாணத்தில் அதை யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கியது. 'மரபுப் போராட்டம்' என்று இன்று எமது இலக்கிய வரலாற்றில் குறிப்பிடப்படும் விவாதம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் நடந்தது. 1963இல் யாழ்ப்பாணத்தில் நடந்த சாகித்திய விழா மேடையை நோக்கிக் கூழ்முட்டை எறியும் அளவுக்கு அது போனது.

முட்டை எறிந்ததை நியாயப்படுத்துவது என் நோக்கமல்ல. ஒரு பேச்சு வழக்கை இழிந்தது என்று சொல்வது அதைப் பேசும் மனிதரை இழிந்தவர் என்று சொல்வதாகும் என்பதை அந்தச் சண்டை வெளியே கொண்டுவந்தது. கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் விடாதவர்கள் கதைக்குள்ளும் விட மறுத்தார்கள். எனவே எமது வட்டார மொழி விவாதம் தொடங்கியபோதே அது உரிமை பற்றிய விவாதமாகத்தான் இருந்தது.

பின்னர் என்ன நடந்தது? மண்வாசனை வென்றது. வென்ற பிறகு மெல்ல மெல்ல அது ஒரு பாராட்டுச் சொல்லாகச் சுருங்கிப்போனது. நூல் வெளியீட்டு விழாக்களில் "மண்வாசனை கமழும் படைப்பு" என்று சொல்லாத பேச்சாளர் குறைவு. வாசனை என்றால் உணவின் மேல் தூவும் மல்லித்தழைபோல. சோறு எங்கோ இருக்கிறது. ஆய்வரங்கின் பிற்பகல் அமர்விலும் இந்தச் சொல் பலமுறை கேட்டது. பேசுபவர் யார் என்ற பழைய கேள்வியை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஒன்பது உயிர்கள்

மொழி பற்றிய புலமைக் கூடல் எமது நாட்டில் வெறும் புலமைக் கூடலாக இருக்க முடியாமல் போனதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது.

நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. அதற்கு முன்னைய மூன்று மாநாடுகளும் கோலாலம்பூர், சென்னை, பாரிஸ் ஆகிய நகரங்களில் நடந்தவை. அரசாங்கம் கொழும்பில் நடத்துவதையே விரும்பியது. யாழ்ப்பாணத்தில்தான் நடத்துவது என்று ஏற்பாட்டாளர்கள் உறுதியாக நின்றார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் ஏற்பாடுகள் நடந்தன. கூத்தை ஊர் ஊராகத் தேடிச்சென்று அரங்குக்குக் கொண்டுவந்தவர் அவர்.

ஜனவரி 10ஆம் திகதி இரவு, வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் திரண்டிருந்த மக்கள்மீது பொலிசார் பாய்ந்தார்கள். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். முற்றவெளிப் பக்கமாக அவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அங்கே விளக்கேற்றப்படுகிறது.

அந்த மக்களில் பெரும்பாலானோர் ஆய்வுக் கட்டுரை கேட்க வந்தவர்கள் அல்லர். தங்களுடைய மொழியைப் பற்றி உலகத்தார் வந்து தங்களுடைய ஊரில் பேசுகிறார்கள் என்ற பெருமையில் வந்தவர்கள். அறிஞர்கள் பேசியது அவர்களுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. இடம் முக்கியம் என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது.

ஒரு நாவலும் ஒரு ஊரும்

அந்த மாநாட்டுக்கு ஒரு வருடம் முன்னர், 1973இல், அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வீரகேசரி வெளியீடாக வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட நாவல் அது. குளமும் காடும் வயலும் அவற்றுக்கு நடுவே வாழ்ந்த சில மனிதர்களும்தான் கதை. வந்த காலத்தில் அதைப் பாராட்டியவர்கள் வன்னியின் மண்வாசனையையே பாராட்டினார்கள்.

கதை வெளிவந்து பதினொரு வருடங்களில், 1984இல், தண்ணிமுறிப்பு மக்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. போர் முடிந்த பின்னும் அங்கு மீளக்குடியேறுவதற்கான கோரிக்கை ஓயவில்லை. அருகிலுள்ள குருந்தூர்மலையைச் சுற்றி எழுந்த சர்ச்சைகளைச் செய்திகளில் நீங்கள் படித்திருப்பீர்கள்.

இன்று அந்த நாவலை எடுத்து வாசித்தால் வேறு புத்தகம்போல இருக்கிறது. 1973இன் வாசகர் அழகான பின்னணி என்று கடந்துபோன விவரிப்புகள் இப்போது ஒரு பதிவேடாகிவிட்டன. அந்த ஊரில் மனிதர்கள் எப்படி வேளாண்மை செய்தார்கள், காட்டோடு எப்படி வாழ்ந்தார்கள், ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நாவல் நீதிமன்றத்தில் காணி உறுதியாகாது. அதை நான் அறிவேன். ஆனால் "இங்கே யாரும் இருக்கவில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, இருந்தார்கள், இப்படிப் பேசினார்கள் என்று காட்ட எம்மிடம் உள்ள சான்றுகளில் அதுவும் ஒன்று.

ஊர்ப்பெயர் என்ன சொல்கிறது?

தண்ணிமுறிப்பு என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முறிப்பு என்றால் அணை உடைத்த குளம். ஒரு காலத்தில் அங்கே குளம் இருந்தது, அது உடைந்தது, மக்கள் அதை நினைவில் வைத்திருந்தார்கள் என்ற வரலாறு நான்கு எழுத்துச் சொல்லுக்குள் இருக்கிறது. மோட்டை, மடு, ஓடை, வெளி, பிட்டி என்று வன்னியின் ஊர்ப்பெயர்களின் ஈறுகள் ஒவ்வொன்றும் நீர் எங்கே தேங்கும், மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று சொல்கின்றன. மட்டக்களப்பில் சூரியன் எழும் கரை எழுவான்கரை. படும் கரை படுவான்கரை. திசைகாட்டி இல்லாமலேயே வாவியின் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இப்போது ஆய்வரங்கில் எழுந்து நின்ற அந்த ஐயாவின் ஊர்ப்பக்கத்துக்கு வருவோம். மணலாறு 1988இல் 'வெலிஓயா' என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. சிங்களத்தில் வெலி என்றால் மணல். ஓயா என்றால் ஆறு. பெயரை மாற்றியவர்கள் புதுப்பெயர் தேடவில்லை. இருந்த பெயரைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார்கள். பொருள் அப்படியே இருக்கிறது. அந்தப் பொருளை முதலில் சொன்னவர்கள் யார் என்பது மட்டும் போய்விட்டது.

1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் மொழி தொடர்பான ஏற்பாடுகளை மேலும் விரித்தது. அதாவது தமிழுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்த அதே காலத்தில்தான் ஒரு தமிழ் ஊர்ப்பெயர் மொழிபெயர்க்கப்பட்டது. மொழிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு தானாகவே வட்டாரத்துக்கும் கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

"குடுத்தனான்" என்ற சொல்லின் கனம்

இனி நான் என் தொழிலைப் பற்றிப் பேசவேண்டும். பல வருடங்களாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரைச் சந்தித்துச் செய்தி எழுதி வருகிறேன். 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்த தாய் ஒருவர் பேசினால் அநேகமாக இப்படிச் சொல்வார்:

"நான் என்ர கையால பிடிச்சுக் குடுத்தனான்."

நான் எழுதியது: "எனது மகனை இராணுவத்தினரிடம் ஒப்படைத்தேன் என அவர் தெரிவித்தார்." ஆங்கிலத்தில் அது போகும்போது பல தடவை "அவரது மகன் சரணடைந்தார்" என்று ஆகிவிடுகிறது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி வாக்கியத்தில் செயலைச் செய்பவர் மகன். தாயைக் காணவில்லை. கையளித்ததைக் கண்ணால் கண்ட சாட்சி வாக்கியத்திலிருந்தே வெளியேற்றப்பட்டுவிட்டார். நடுவிலுள்ள என்னுடைய வாக்கியத்தில் தாய் இருக்கிறார். கை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எமது பேச்சில் "குடுத்தன்" என்றும் சொல்லலாம், "குடுத்தனான்" என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றல்ல. "நான் வந்தனான்", "நாங்கள் இருந்தனாங்கள்" என்று சொல்லும்போது, நடந்து முடிந்ததை, தான் நேரில் செய்ததை, அழுத்தி நிலைநிறுத்தும் ஒரு தொனி வருகிறது. சும்மா நடந்ததைச் சொல்வதற்கும், "நடந்தது, நான்தான் அதற்குச் சாட்சி" என்று சொல்வதற்கும் இடையிலான வித்தியாசம் அது. அந்த ஐயாவும் "வெளிக்கிட்டனாங்கள்" என்றுதான் சொன்னார். எழுத்துத் தமிழில் இரண்டும் "கொடுத்தேன்" ஆகிவிடும். அந்த வேறுபாட்டைக் காட்ட எழுத்துத் தமிழின் வினைமுற்றில் இடமில்லை.

ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் எமது மக்கள் கொடுத்த வாக்குமூலங்கள் பல கைகள் மாறின. அவர்கள் பேச்சுத் தமிழில் சொன்னார்கள். எழுதுபவர் எழுத்துத் தமிழுக்கு மாற்றினார். பிறகு அது சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ போனது. இரண்டாவது மொழிபெயர்ப்பில் பிழை இருக்கலாம் என்று எல்லோரும் பேசுகிறோம். முதல் மாற்றமும் ஒரு மொழிபெயர்ப்புத்தான் என்பதை நாங்கள் கவனிப்பதில்லை. ஏனென்றால் அது தமிழிலிருந்து தமிழுக்கு நடக்கிறது.

இந்த வேறுபாட்டின் கனத்தை முதலில் உணர்ந்தவர்கள் மொழியியலாளர்கள் அல்லர், தாய்மார்தான். 2016இன் சட்டப்படி அமைக்கப்பட்ட அலுவலகத்தின் பெயரில் 'காணாமற்போன' என்ற சொல்லே இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவுகள் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே சொல்கிறார்கள். "பிள்ளை, தானாப் போனால்தான் போனவன். இவன் போகேல்லை" என்று ஒரு தாய் எனக்கு விளக்கினார். இலக்கண வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று படித்தது அன்றுதான் எனக்கு உண்மையாக விளங்கியது.

எங்களுக்குள் இருக்கும் மேல், கீழ்

இவ்வளவும் சொல்லிவிட்டு எங்களைப் பற்றி மௌனமாக இருந்தால் நேர்மையாகாது. ஈழத்தமிழ் என்று நாங்கள் சொல்லும்போது பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழைத்தான் நினைக்கிறோம். கிழக்கிலிருந்து வந்த மாணவர் "மறுகா" என்றால் வகுப்பில் சிரிப்பு எழுகிறது. 1958, 1977 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள் காடு வெட்டிக் கழனியாக்கினார்கள், போரின் முழுச் சுமையையும் எங்களோடு சேர்ந்து சுமந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்றும் பேச்சைக் கேட்டு அடையாளம் காணப்பட்டு ஒதுக்கப்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவின் தமிழும், மன்னார், முல்லைத்தீவு முஸ்லிம்களின் தமிழும் அவர்களோடு புத்தளத்துக்குப் போயின. அங்கே வளர்ந்த தலைமுறையின் பேச்சு வேறாகிவிட்டது. பறிபோன இடத்தோடு பறிபோன சொற்களைக் கணக்கிடும்போது அவையும் அந்தக் கணக்கில் வரவேண்டும். 1960களில் பண்டிதர்களிடம் கேட்ட கேள்வியை இப்போது எங்களிடமே கேட்கவேண்டியிருக்கிறது: யாருடைய பேச்சை நாங்கள் தமிழ் என்று எண்ணுகிறோம்?

ஒவ்வொருவரும் தத்தம் வழக்கில் எழுதினால்?

ஆய்வரங்கில் நியாயமான ஓர் ஐயம் முன்வைக்கப்பட்டது. ஒவ்வொரு பிரதேசமும் தன் வழக்கிலேயே எழுதத் தொடங்கினால் ஒருவர் எழுதியது மற்றவருக்கு விளங்குமா? சிறிய இனமான நாங்கள் இன்னும் சிதறிவிட மாட்டோமா?

பொதுத்தமிழ் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. இந்தக் கட்டுரையையும் பொதுத்தமிழில்தான் எழுதியிருக்கிறேன், திருகோணமலையில் இருப்பவரும் ரொறன்ரோவில் இருப்பவரும் வாசிக்கவேண்டும் என்பதற்காக. ஆனால் ஒருவரின் வாயிலிருந்து வந்த சொல்லை மேற்கோள் குறிக்குள் போடும்போது அதை மாற்றும் உரிமை எமக்கு இல்லை. விளக்கம் தேவையென்றால் அடுத்த வாக்கியத்தில் கொடுக்கலாம். வாசகர் ஒரு புதுச்சொல்லைக் கண்டு ஓடிவிடமாட்டார். அவரும் ஏதோவோர் ஊரிலிருந்து வந்தவர்தான்.

எல்லாப் பழியையும் போர்மீது போடவும் முடியாது. அறுவடை மெஷின் வந்த பின் போர் நடக்காத ஊர்களிலும் சூடு மிதிக்கும் களம் அருகிவிட்டது. அதோடு களத்துச் சொற்களும் போகின்றன. ஆனால் மெஷின் வந்த ஊரில் பழைய சொல்லைச் சொல்லித்தர ஒரு பெரியவர் அதே வயலின் வரம்பில் நின்று கைகாட்டலாம். இடம்பெயர்ந்தவருக்குக் கைகாட்ட வயல் இல்லை. அவர் இறந்தால் சொல்லும் இடமும் ஒன்றாகப் போகும்.

என்ன செய்யலாம்?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அதற்குப் பின் எழுத்தில் இருப்பதைக் காப்பாற்றவேண்டும் என்ற உணர்வு எங்களுக்கு வந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அந்த உணர்வின் விளைவு. எழுத்தில் ஏறாத சொற்களுக்கும் அதே அக்கறை வேண்டும். அதற்குப் பேராசிரியராக இருக்கத் தேவையில்லை. கையில் தொலைபேசி உள்ள எவரும் செய்யலாம்.

வீட்டிலுள்ள மூத்தவரிடம் சொற்பட்டியல் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். காலபோகத்தில் விதைப்பிலிருந்து சூடடிக்கும் வரை என்னென்ன செய்தீர்கள், கடலுக்கு இறங்கும் முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொற்கள் தாமாக வரும். அவர் சொல்வதைத் திருத்தாதீர்கள். ஒவ்வொரு பதிவிலும் எந்த ஊர், எந்தக் குளத்தின் கீழ், எந்த வருடம் வரை அங்கே இருந்தவர் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். வாக்குமூலம் கொடுக்கப் போகும் உறவினரோடு போனால், சொன்னது எழுதப்பட்டதா என்று வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். "சரணடைந்தார்" என்று எழுதியிருந்தால் அதைத் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரையில் இரண்டு நிரல்கள் போதாது. மூன்றாவதாக இடத்துக்கும் ஒரு நிரல் வேண்டும்.

அன்று மதிய உணவு இடைவேளையில் அந்த இளம் ஆய்வாளர் தன் சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு ஐயாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐயா மேசைமேல் விரலால் கோடு கீறிக் காட்டிக்கொண்டிருந்தார். இது அணைக்கட்டு, இதால வாய்க்கால் வரும், உதில ஒரு பெரிய பாலைமரம், அதுக்கு இஞ்சால எங்கட களம். ஆய்வாளர் உணவைத் திறக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். பிற்பகல் அமர்வுக்கான மணி அடித்தபோதும் இருவரும் எழும்பவில்லை.